கேட்டைக்காரி

எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில் தவறாமல் ஒரு தப்புச் செய்வார்கள். உலைக் கதவு திறக்கும்போது உள்ளே கியர்கள் இளமஞ்சளாகக் கிடந்தால் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்தில் போய்ப் பார்ப்பார்கள். அதே கியர் வெளியே வந்து சிவந்ததும் "யாத்தே, என்னா சூடு" என்று இரண்டடி பின்னால் போவார்கள். நான் பிடித்து நிறுத்திச் சொல்வேன்: மஞ்சளைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும், சிவப்பு என்றால் அந்த இரும்பு ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறிக்கொண்டிருந்தாலும் கை வைத்தால் தோல் உரிந்துவிடும், அது வேறு விஷயம்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் இரும்பைச் சுட்டு, எண்ணெயில் முக்கி, கெட்டிப்படுத்தித் தருகிற சின்னக் கம்பெனி அது. நான் அங்கே தரம் பார்க்கிறவள். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தேன், பதினோரு வருடம் ஆகிறது. உலை எத்தனை டிகிரி என்று மீட்டர் காட்டட்டும், எனக்கு நிறத்தைப் பார்த்தாலே போதும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சிவப்பு நட்சத்திரத்தைக் காட்டி என் கல்யாணத்தை ஒரு முறையும், கல்யாணமான பிறகு என் குடும்பத்தை ஒரு முறையும் பறிக்கப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் சிவப்பு என்றால் என்ன என்று தெரியாது.

என் ஜாதகத்தில் நட்சத்திரம் கேட்டை. கேட்டையில் பிறந்த பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. ஆகாது என்றால் உடம்புக்கு ஆகாது, தொழிலுக்கு ஆகாது, உயிருக்கு ஆகாது, அவரவர் பயத்துக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளலாம். அதனால் எனக்கு அண்ணன் இல்லாத மாப்பிள்ளையாகத் தேடினார்கள். அப்படிப்பட்ட வீட்டில்கூட ஜாதகத்தைப் பார்த்துவிட்டு "கேட்டையா" என்று இழுத்து, காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மூன்று வீட்டுக் காபி அப்படி ஆறிப்போனது.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். காலையில் முதல் ட்ரிப்பைத் தவறவிடக் கூடாது என்று கைக்கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைத்தார். ரிட்டயர் ஆன பிறகும் குறைக்கவில்லை. வீட்டுச் சுவர்க் கடிகாரமும் அப்படித்தான். வருகிற விருந்தாளிகள் மணியைப் பார்த்துப் பதறுவார்கள், நாங்கள் பதறமாட்டோம். எட்டு என்று காட்டினால் ஏழு ஐம்பது. அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் பத்தைக் கழித்துக் கழித்தே எங்களுக்குச் சமைத்துப் போட்டாள்.

நான் கட்டிக்கொண்டவர் பக்கத்து லேத் கம்பெனியில் சூப்பர்வைசர். கியர்களைச் சுடுவதற்கு எங்களிடம் கொண்டுவருவார். ஒரு தடவை அவர் கொண்டுவந்த லாட்டை, "ஸ்டீலே தப்பு, இத எம்புட்டுச் சுட்டாலும் கெட்டி ஏறாது" என்று திருப்பி அனுப்பினேன். என்னோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுப் போனார். மறுநாள் வந்து, "நீங்க சொன்னதுதாங்க சரி, நான்தான் தப்பு" என்றார். தப்பை ஒத்துக்கொள்கிற ஆம்பளையை அதுவரை நான் அந்தத் தொழிற்பேட்டையில் பார்த்ததில்லை. ஆறு மாதத்தில் இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டோம். சாதி, வசதி, வேலை எல்லாம் ஒத்துவந்தது. பிறகு அவர் அம்மா ஜாதகத்தை வாங்கிப் பார்த்தார்.

அவர்கள் ஊர் அலங்காநல்லூர் பக்கம். வீட்டில் இரண்டு பையன்கள், இவர் சின்னவர். மூத்தவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். "எம் மூத்த மகனப் பறிகொடுக்கவா சின்னவனுக்குப் பொண்ணெடுப்பேன்" என்று அந்த அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அப்பா ஜோசியரிடம் போனார், நானும் கூடப் போனேன். ஜோசியர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கண்டக்டரே, உங்க மக கேட்டை ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல பொறந்திருக்கு. பத்தே பத்து நிமிஷம் குறைச்சுப் போட்டம்னா அனுஷம். அனுஷத்துக்கு ஒரு தோசமும் கெடையாது. வேற ஜாதகமா அடிச்சுத் தாரேன், ஊர்ல யாரு செய்யல?"

அவர் சொன்னது நிஜம்தான், ஊரில் எல்லோரும் செய்கிறார்கள். அப்படி நிமிஷம் மாற்றி எழுதிய ஜாதகத்தில் கல்யாணமான என் தோழிகளே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஜோசியர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "கேட்டை செவந்த நட்சத்திரம்மா. உக்கிரமானது. அதான் ஆகாதுங்கறது." செவப்பு, உக்கிரம். முதல் வாரத்துப் பையன் பேச்சு.

"பத்தே நிமிஷம் பாப்பா" என்றார் அப்பா, பஸ் ஸ்டாப்பில்.

"பத்து நிமிஷப் பொய்யும் பொய்தான்ப்பா. கெட்டி பாக்குற மிஷின்ல ஐம்பத்தாறு காட்டுனா நான் ஐம்பத்தாறுன்னுதான் எழுதுவேன். ஐம்பத்தெட்டுன்னு எழுதிக் குடுத்தா லோடு ஏறும்போது அந்தக் கியரு பல்லு தேஞ்சு போகும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கைக்கடிகாரத்து ஸ்ட்ராப்பைத் திருகிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். நான் அதைப் பார்த்தேன், கோபத்தில் என்ன என்று கேட்கவில்லை.

அது ஆடி மாதம். மறுநாள் ஷிப்ட் முடிந்து இருட்டியதும் கம்பெனி மொட்டை மாடிக்கு ஏறினேன். போனை வானத்துக்கு நீட்டினால் நட்சத்திரத்தின் பேரைச் சொல்லும் ஆப் ஒன்றை இறக்கி வைத்திருந்தேன். இவ்வளவு பேர் பயப்படுகிற அந்தச் சாமானை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெறி. தெற்கே திருமங்கலம் பக்கம், நல்ல உயரத்தில் நின்றது. இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக ஒவ்வொன்று, நடுவில் இது. உலையிலிருந்து எடுத்து எண்ணெயில் போடாமல் தரையில் வைத்த இரும்பின் நிறம். தினமும் பார்க்கிற நிறம்தான். "அட நீதானா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க டீ நேரத்தில் போனில் அதைப் பற்றியே படித்தேன். நினைத்தபடிதான் இருந்தது: நட்சத்திரத்திலும் நீலமும் வெள்ளையும்தான் கொதிக்கிற சூடு, சிவப்பு குறைந்த சூடு. குறைந்தது என்றாலும் எங்கள் உலை அதன் கால்தூசுக்குக் காணாது. நீல நிறத்துச் சூடெல்லாம் எங்கள் உலைக்கு வராது. அதற்குள் இரும்பு ஆவியாகி, உலையும் போய், கம்பெனியும் போயிருக்கும்.

நட்சத்திரமும் பிறக்கிறது, சாகிறது என்று அப்போதுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பேன், பரீட்சைக்குப் படித்தது எங்கே நிற்கிறது. வானத்தில் வாயுவும் தூசியுமாகப் பெரிய மேகம் கிடக்கும். அதில் ஒரு பகுதி தன் கனத்தாலேயே உள்ளே உள்ளே சுருங்கும், சுருங்கச் சுருங்கச் சூடேறும். ஒரு கட்டத்தில் நடுவில் ஹைட்ரஜன் ஒன்றோடொன்று சேர்ந்து ஹீலியமாக ஆரம்பிக்கும், அதுதான் பிறப்பு. அந்தப் பிறந்த நேரத்தை எந்த வாட்சைப் பார்த்துக் குறிப்பது என்று ஜோசியரிடம் கேட்க ஆசையாக இருந்தது.

பிறந்த பிறகு எல்லாம் எடையைப் பொறுத்தது. நம் சூரியன் நடுத்தரக் குடும்பம், சிக்கனமாக எரிந்து ஆயிரம் கோடி வருடம் ஓட்டிவிடும். கடைசியில் வீங்கிச் சிவந்து, மேல் தோலை ஊதித் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு சின்ன வெள்ளை உருண்டையாக ஆறிக்கொண்டே கிடக்கும். கேட்டை பெரிய உருப்படி. அதற்குச் சிக்கனம் தெரியாது, ஒன்றிரண்டு கோடி வருடத்தில் கதை முடிந்துவிடும். ஹைட்ரஜன் தீர்ந்தால் ஹீலியத்தை எரிக்கும், அதில் வந்த கரியை எரிக்கும், ஒன்றின் சாம்பல் அடுத்ததற்கு விறகு. உள்ளே இது நடக்க நடக்க வெளியே வீங்கிச் சிவக்கும். இப்போது கேட்டை இருக்கிற வீக்கத்துக்கு, அதைக் கொண்டுவந்து சூரியன் இருக்கிற இடத்தில் வைத்தால் பூமியைத் தாண்டி, செவ்வாயைத் தாண்டிப் போகுமாம். செவ்வாய் தோஷத்தையே விழுங்குகிற நட்சத்திரத்தில்தான் நான் பிறந்திருக்கிறேன்.

எரித்து எரித்துக் கடைசியில் நடுவில் சேருவது என்ன தெரியுமா? இரும்பு. இரும்பை என்ன செய்தாலும் அதிலிருந்து நட்சத்திரத்துக்குச் சூடு கிடைக்காது. உள்ளிருந்து தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் நடுப்பகுதி ஒரு நொடிக்குள் இடிந்து விழும், மற்றதெல்லாம் வெடித்துச் சிதறும். சிதறியது மறுபடி மேகத்தில் கலக்கும், அதிலிருந்து அடுத்த நட்சத்திரம், அதைச் சுற்றி ஒரு பூமி, பூமியில் இரும்பு. எங்கள் உலைக்கு வருகிற கியரும் என் ரத்தத்தில் ஓடுவதும் அப்படி ஏதோ சில நட்சத்திரங்கள் செத்துக் கொடுத்தது. இரும்பை வைத்துப் பிழைக்கிறவள் நான், அன்றைக்கு ஆறிக் கிடந்த ஒரு கியரை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன்.

இன்னொன்றும் படித்தேன். தோஷமே இல்லாத அந்த அனுஷம் இருக்கிறதே, அந்த நட்சத்திரங்கள் நீல வெள்ளையாகக் கேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவையும் கேட்டையும் ஒரே மேகக் கூட்டத்தில் பிறந்தவையாம், கூடப்பிறந்ததுகள். கேட்டை எடை கூடியது, முந்திக்கொண்டு சிவந்துவிட்டது. அனுஷத்தில் பெரியவையும் நாளைக்கு இதே வழியில்தான் போகப்போகின்றன. எங்கே இருந்து எங்கே தப்பிக்கச் சொல்கிறார்கள் என்னை.

கேட்டையிலிருந்து வெளிச்சம் இங்கே வந்து சேர ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அன்றைக்கு மொட்டை மாடியில் என் கண்ணில் விழுந்தது, மதுரையில் மகாலுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கும் முன்னால் கிளம்பிய வெளிச்சம். அம்புட்டுத் தூரத்தில் தன் பாட்டுக்கு எரிந்து தீர்ந்துகொண்டிருக்கிற ஒன்றுக்கு, அலங்காநல்லூர்ப் பக்கத்து வீட்டு மூத்த மகனோடு என்ன வாய்க்கால் தகராறு?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பஸ்ஸிலிருந்து அவருக்குப் போன் போட்டு, "உங்க வீட்டுக்குத்தான் வாரேன்" என்றேன்.

"இப்ப வேணாம்ங்க, ஆத்தா கோவத்துல இருக்கு."

"நானும் கோவத்துலதான் வாரேன்."

வீட்டு முன்னால் மூத்தவர் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவர் வருடம் தவறாமல் தை மாதம் வாடிவாசலில் இறங்கி மாடு பிடிக்கிறவர். முன்கையில் ஒரு தழும்பு, தோளில் ஒன்று, தொடையில் பெரிதாக ஒன்று. எல்லாம் நான் யார் என்றே தெரியாத காலத்தில் வாங்கியவை. அவர் அம்மா வாசலில் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

நான் நேராக மூத்தவரிடம் போனேன். "அண்ணே, நான் இந்த வீட்டுக்கு வந்தா நீங்க செத்துருவீங்கன்னு சொல்றாங்க. உங்ககிட்டயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். உங்களுக்குப் பயமா இருக்கா?"

"அண்ணனா?" என்றார் அந்த அம்மா பின்னாலிருந்து. "அவன் உனக்கு அண்ணன்னா எஞ் சின்னவன் உனக்கு என்ன மொற?"

கம்பெனியில் எல்லோரையும் அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிய வாய். நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூத்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. "சரி, மச்சான். அம்மாம் பெரிய கொம்புக்கு முன்னாடி நெஞ்சக் காட்டி நிக்கிற ஆளு, கண்ணுக்கு எட்டாத தூரத்துல இருக்கற நட்சத்திரத்துக்குப் பயப்படுவீங்களா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆத்தா, நான் பயந்தேன்னு ஊருக்குள்ள பேச்சு வரணுமா? பிள்ள வந்து வீட்டு வாசல்ல நின்னு கேக்குது. வரட்டும்" என்றார். ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. ஜாதகத்தில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கேட்டை என்று போட்டதைக் கேட்டை என்றே வைத்துத்தான் கட்டிக்கொண்டேன்.

முதல் தை நல்லபடியாகப் போனது. இரண்டாவது தை மாதம், பக்கத்து ஊர் வாடிவாசலில் மூத்தவரை மாடு வயிற்றில் குத்திவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடலில் ஆபரேஷன், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அவர் மனைவி பிள்ளைகளோடு வீட்டில் அழுதுகொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், எந்தக் குரூப் கொடுத்தாலும் பதிலுக்கு அவர் குரூப் ரத்தம் தருவார்கள். நான் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அத்தை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ அங்கயே நில்லு. உள்ள போகாத. உன் ரத்தமும் வேணாம். அன்னைக்கே சொன்னேன், ஒருத்தரும் கேக்கல."

கொம்பால் குத்தியது மாடு, பேர் வாங்கியது நான். அந்த மாட்டைக்கூட ஒருவரும் திட்டவில்லை. நல்ல மாடு, சுத்தி விளையாண்டது என்று வராந்தாவிலேயே பேசிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் என்னை மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போனார். மூன்று நாளாகத் தூங்காத முகம். "ஆத்தா மனசு சரியில்ல. கொஞ்ச நாளைக்கு மாமா வீட்டுல போய் இரேன். அண்ணனுக்குச் சரியானதும் நானே வந்து கூட்டிக்கிறேன்."

"சரியாகலைன்னா?"

அவர் கீழே இறங்குகிற படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி நின்ற இரண்டு நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை, அவரிடமே சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, பயமும் வந்தது. மூத்தவர் பிழைக்காமல் போனால் சாகும் வரை நான் அவரைக் கொன்றவள். பிழைத்தாலும் அடுத்த தலைவலிக்கு நான்தான். "இன்னைக்கு நான் எங்கப்பா வீட்டுக்குப் போனா திரும்பி வரமாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கே வந்து, அத்தைக்கு எதிரே சுவரோரமாக நின்றுகொண்டேன். உட்காரவில்லை. மதியம் வரைக்கும் அப்படியே நின்றேன்.

மதியம் அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். நான் நிற்பதையும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். தூக்கைக் கீழே வைத்துவிட்டு அத்தை முன்னால் போய் நின்றார்.

"சம்பந்தியம்மா, ஒரு விசயம் சொல்லணும். எம் மக கேட்டையே இல்ல."

அத்தை நிமிர்ந்தார். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். "இவ பொறந்தப்ப நர்சம்மா வெளிய வந்து பொம்பளப்பிள்ளன்னு சொன்னாங்க. நான் இதப் பாத்துத்தான் மணி குறிச்சேன். இது அப்பவும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட். சந்தோசத்துல கழிக்க மறந்துட்டேன். ஜோசியர் பத்து நிமிஷம்னு சொன்னப்பதான் எனக்கு உறைச்சுச்சு. அப்பச் சொன்னா இவ நம்பமாட்டா, பொய்யி சொல்றேன்னு நெனப்பான்னு விட்டுட்டேன். நெசத்துல இவ அனுஷம்மா."

எனக்கு அந்தப் பஸ் ஸ்டாப் ஞாபகம் வந்தது. நாங்கள் எல்லோரும் வாழ்நாள் முழுக்க அந்தக் கடிகாரத்தில் பத்தைக் கழித்தவர்கள். பிறந்த நேரத்தில் மட்டும் ஒருத்தரும் கழிக்கவில்லை. அப்பா சொன்னதை நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

அத்தையின் முகம் இளகியது. அவ்வளவு சீக்கிரம் ஒரு முகம் மாறி நான் பார்த்ததில்லை. "அனுஷமா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "வா தாயி, காலையில இருந்து நிக்கிற. வந்து உக்காரு."

எனக்கு உட்காரணும் போலத்தான் இருந்தது. கால் இரண்டும் விண்விண் என்று தெறித்தது. போய் உட்கார்ந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். புருஷன், வீடு, நல்ல பேர் எல்லாம் அந்தப் பெஞ்சில் இருந்தது. உட்கார்ந்தால், அடுத்த வீட்டில் எவளோ ஒரு நிஜக் கேட்டைக்காரி இதே மாதிரி சுவரோரமாக நிற்பாள். அவள் அப்பாவிடம் பத்து நிமிஷம் கூட்டி வைத்த வாட்ச் இருக்காது.

"உக்கார மாட்டேன் அத்தே" என்றேன். "கேட்டைன்னா எட்டி நில்லு, அனுஷம்னா வந்து உக்காருன்னா எப்படி? அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி நின்ன அதே பொம்பளதான நானு."

"பாப்பா, சும்மா இரு" என்றார் அப்பா.

"நீங்க இருங்கப்பா. அத்தே, எங்கப்பா சொல்றது நெசம்னா நான் பொறந்ததுல இருந்தே அனுஷம். உங்க வீட்டுக்குள்ள வலது கால எடுத்து வச்சு வந்ததும் அனுஷம். அப்ப இந்த வீட்டுல கேட்டையே இல்ல. பெறகு மச்சானக் குத்துனது யாரு நட்சத்திரம்?"

அத்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"மாடு குத்துச்சு. அம்புட்டுத்தான். அதச் சொல்லுங்க, வந்து உக்காருறேன். அது வரைக்கும் நான் கேட்டைதான். கேட்டைன்னுதான் எழுதியிருக்கு, கேட்டைன்னு சொல்லித்தான் உங்க மகனக் கட்டுனேன். இப்ப மாத்திக்க மாட்டேன்."

என் வீட்டுக்காரர் படிப்பக்கமிருந்து வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "காலையில நான் சொன்னது தப்பு. வா, ரத்தம் குடுத்துட்டு வருவோம்" என்றார். நான் நடந்தேன். அத்தை தடுக்கவில்லை. ரத்த வங்கியில் விரல் நுனியில் குத்திப் பார்த்த பெண், "பதிமூணுக்கு மேல இருக்கே, நல்ல இரும்புச்சத்து" என்றாள். எந்த நட்சத்திரத்து இரும்போ, எடுத்துக்கொள்ளட்டும் என்று கையை நீட்டினேன். பக்கத்துக் கட்டிலில் அவர் கொடுத்தார்.

மூத்தவர் ஐந்தாம் நாள் கண் விழித்தார். முதலில் கேட்டது, "அந்த மாட்டுக்குப் பரிசு குடுத்தாங்களா?" என்றுதான். இந்தக் கதையெல்லாம் அவருக்குத் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, தையல் வலிக்கிறது என்று எங்களைத் திட்டினார்.

அத்தை என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எம் மருமக அனுஷமாம்ல, அவுகப்பா கடியாரம் செஞ்ச வேல" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் அடுப்படியிலிருந்து, "கேட்டை" என்று குரல் கொடுப்பேன். "இவ ஒருத்தி" என்பார் அத்தை. ஒரு மாதம் இது நடந்தது.

மாசியில், மூத்தவர் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், மலைமேல் முருகன் கோவிலுக்குப் போனோம். அத்தை நேர்ந்துகொண்ட அர்ச்சனை. நல்ல கூட்டம். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். அத்தை வரிசையாகச் சொன்னார். மூத்தவர் பேர், உத்திரம். அவர் மனைவி, பிள்ளைகள். என் வீட்டுக்காரர் பேர், சதயம். பிறகு என் பேரைச் சொல்லிவிட்டு நின்றார். குருக்கள் காத்திருந்தார். கோவில் என்றும் பார்க்காமல் சண்டைக்குத் தயாராக நான் வாயைத் திறந்தேன்.

"கேட்டை" என்றார் அத்தை.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கம்பு ஊன்றி நிற்கிற மூத்தவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான். அத்தைக்கும் அது தெரியும், எத்தனையோ பேரை அவரும் அப்படிப் பார்த்தவர்தான்.

"என்ன அப்படிப் பாக்குறீக?" என்றார் அத்தை அந்த அம்மாவிடம். "கேட்டைதான். எம் மூத்தவன மாடு குத்துச்சு. பொழச்சு இந்தா நிக்கிறான்."

குருக்கள் கேட்டை என்றே சத்தமாகச் சொல்லி, ஒரு பூவை எடுத்துப் போட்டார்.